மூன்றரை ஏக்கரும் ஆறு தசம இலக்கமும்

போன ஞாயிறு காலை பனி விலகுவதற்கு முன்னாலேயே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் அப்பாவின் கெபுனுக்கு, அதாவது தோட்டத்துக்கு, போய்விட்டோம். அண்ணன் மகன் கைப்பேசியை உள்ளங்கையில் ஏந்தியபடி முன்னால் நடந்தான். நான் பாராங் கத்தியோடு பின்னால் போனேன். மொத்தமே மூன்றரை ஏக்கர், பாமாயில் தரும் 190 செம்பனை மரம். எல்லையை ஒட்டி ஒரு சுற்று வரக் கால் மணி நேரம் போதும். அன்று எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது.

"அத்தை, அங்கேயே நில்லுங்க. புள்ளி ஓடுது" என்றான்.

எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு நீலப் புள்ளி. நாங்கள் நிற்பது வடக்கு மூலை எல்லைக்கல் பக்கத்தில். புள்ளியோ வாய்க்காலைத் தாண்டி, பக்கத்துக் கெபுன் மாமாவின் மரத்தடிக்குப் போய், கொஞ்ச நேரம் நின்று, திரும்ப எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் அசையவே இல்லை. எங்கள் மரங்கள் 2003-ல் நட்டவை, நன்றாக உயர்ந்துவிட்டன. மேலே மட்டையும் மட்டையும் பின்னிக்கொண்டு நிற்கும். வானம் சில்லறைக் காசு சிதறின மாதிரிதான் தெரியும். அந்த இடைவெளியில்தான் செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்தாக வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் புள்ளி அடங்கும்வரை கொசுக்கடியோடு நின்றோம். நான்கு எல்லைக்கல்லில் மூன்று கிடைத்தன. நான்காவது மட்டை அடுக்குக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. அப்பா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காலால் தட்டிக் காட்டியிருப்பார்.

காட்டை அழித்து விளைவித்த பொருள்களைத் தடுக்க வந்த ஒரு ஐரோப்பியச் சட்டத்துக்காகத்தான் இந்த அளவு. அது கேட்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும். புள்ளிக்குப் பின்னால் குறைந்தது ஆறு தசம இலக்கம் வேண்டும். அந்த ஆறாவது இலக்கம் ஒன்று கூடினால் தரையில் எவ்வளவு தூரம் என்று அண்ணன் மகன் கணக்குப் போட்டுச் சொன்னான்: 11 சென்டிமீட்டர். என் உள்ளங்கை அகலம். ஒரு செம்பனைத் தண்டே அதைப் போல நாலைந்து மடங்கு இருக்கும்.

இதை ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பலருக்கு இந்தக் கேள்வி வரப்போகிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நாங்கள் பழம் போடும் இடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். நிலத்தின் கிராண்டு (உரிமைப் பத்திரம்) நகல், எம்.எஸ்.பி.ஓ என்ற மலேசிய நிலைத்த பாமாயில் சான்று, எல்லைப் புள்ளிகள், எல்லாம் கொண்டு வரச் சொன்னார்கள். இல்லாதவர்களிடம் பழம் வாங்குவோம், ஆனால் தனி விலை என்றார்கள். பக்கத்துக் கெபுன் மாமாவுக்கு டன்னுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) குறைத்தார்கள். அவர் நிலம் இரண்டே ஏக்கர். மாதம் ஒரு டன் வந்தால் அதிகம். 20 வெள்ளி பெரிய காசா என்று கேட்கலாம். அவர் ரத்தக்கொதிப்பு மருந்து வாங்கப் போகவர பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற காசு அது. அவர் சண்டை போடவில்லை. தராசுச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ளை, நீ கொஞ்சம் பாரும்மா" என்றார். எனக்கு 54 வயது. அவருக்கு நான் இன்னும் தோட்டத்துப் பிள்ளைதான்.

பார்த்தேன். பகலில் டவுனில் கணக்கெழுதும் வேலை; ராத்திரியில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தை மகள் உதவியோடு படித்தேன்.

2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சட்டம் அது. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தவை, அவற்றிலிருந்து செய்தவை எதுவும் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக்கூடாது. விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும், நில உரிமை உட்பட. எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்பதை இறக்குமதி செய்பவர் காட்ட வேண்டும். 2024 கடைசியில் அமலுக்கு வர வேண்டியது; இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். இப்போது பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறியவர்களுக்கு 2027 ஜூன் 30 என்று நிற்கிறது.

மலேசியப் பாமாயிலைப் பல வருஷமாக அதிகம் வாங்குவது இந்தியா. அப்படியிருக்க ஐரோப்பாவின் சட்டம் ஏன் சுங்கை சிப்புட்டில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரைத் தொடுகிறது? காரணம் ஆலைக்குள் இருக்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட்டாக வேண்டும், இல்லையென்றால் புளிப்பு ஏறிவிடும். எங்கள் பழமும் மாமாவின் பழமும் ஐநூறு ஏக்கர் தோட்டத்துப் பழமும் ஒரே கொப்பரையில் வெந்து ஒரே தொட்டிக்குத்தான் போகின்றன. இது யாருடைய எண்ணெய் என்று அப்புறம் பிரிக்க வழியில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைக் கலக்கவே கூடாது என்கிறது சட்டம். ஒரு லோரிப் பழத்துக்குத் தாள் இல்லையென்றால் அந்தத் தொட்டி முழுக்கச் சந்தேகம். ஆலைக்காரர் என்ன செய்வார்? ஒரே கையெழுத்தில் ஐநூறு ஏக்கருக்குத் தாள் தருகிறவரிடம் வாங்குவார். இருநூறு பேரிடம் இருநூறு தாள் சரிபார்க்க ஆள் போடமாட்டார். மாமாவை யாரும் தடை செய்யவில்லை. அவர் பழத்தைத் தொடுவதே ஒரு தொல்லை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். கானாவின் கொக்கோவும் எத்தியோப்பியாவின் காப்பியும் பெரும்பாலும் இந்த மாதிரி இரண்டு ஏக்கர்க்காரர்களின் கையிலிருந்துதான் வருகின்றன. அங்கேயும் ஒரு மாமா இப்படி ஒரு சீட்டை மடித்துப் பையில் வைத்திருப்பார்.

நான் காட்டுக்கு எதிரி இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். சரவாக்கில் சதுப்புநிலக் காட்டை வடித்துச் செம்பனை போட்டது உண்மை. அந்தக் கரிமண் காய்ந்தால் ஆயிரக்கணக்கான வருஷமாக அடங்கிக் கிடந்த கரிமம் காற்றில் போகும். அதைத் தடுக்கிற சட்டம் வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் செலவை யார் தலையில் வைப்பது என்பதில் நியாயம் வேண்டும்.

படித்துக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு எல்லை முழுவதும் வரைந்து தர வேண்டியதில்லை. ஒரே ஒரு புள்ளி போதும். நான்கு ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ பத்து ஏக்கர். நம் ஊரில் சொந்தமாகக் கெபுன் வைத்திருக்கிற தமிழர்களில் பத்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் இரண்டரை மணி நேரம் புள்ளியைத் துரத்தியது தேவையே இல்லாத வேலை. ஐரோப்பா ஒன்று கேட்கிறது. இறக்குமதியாளர் பயந்துபோய் இரண்டு கேட்கிறார். ஆலை நாலு கேட்கிறது. பழம் வாங்குகிறவர் எட்டுக் கேட்கிறார். கடைசியில் நிற்கிறவர் கையில் வரும்போது சட்டத்தின் உருவமே மாறிவிடுகிறது. அதனால்தான் மூலத்தைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. 2025 மே மாதம் நாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தாய்லாந்தும் இந்தியாவும் இலங்கையும் ஆபத்து குறைந்த வகை. மலேசியா நடுத்தர வகை. குறைந்த வகையென்றால் இறக்குமதியாளர்களில் 100-க்கு ஒருவரைச் சோதித்தால் போதும். நடுத்தரத்துக்கு மூன்று பேர். அப்புறம் டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்து குறைந்த நாட்டில் தாமே விளைவித்துத் தாமே அங்கே விற்கும் சிறு விவசாயிகளுக்கு, ஒரே ஒரு தடவை எளிய அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்று சலுகை வந்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஐரோப்பாவின் சொந்த விவசாயிகளுக்குத்தான் பயன்படும். சிறியவர்கள் கஷ்டப்படுவார்கள் என்பது அவர்களுக்குப் புரியாமல் இல்லை. தங்கள் வீட்டுச் சிறியவர்கள் என்றதும் புரிந்திருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வலித்தது.

மாமாவின் சிக்கல் புள்ளி கூட இல்லை. கிராண்டு. இன்னும் அவர் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா போய் முப்பது வருஷம். பிள்ளைகள் ஐந்து பேர். ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் இறந்துவிட்டார், அவருக்கு மூன்று வாரிசுகள். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் மாறும். அந்த வேலையாக மாமாவைக் கூட்டிக்கொண்டு கோல கங்சாருக்குப் போனேன். வேலை முடிந்ததும் அவர், "அந்தப் பழைய பால் மரத்தைப் பார்த்துட்டுப் போவோமா" என்றார்.

கோல கங்சாரில் ஒரு ரப்பர் மரம் இருக்கிறது, பலருக்குத் தெரிந்திருக்கும். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் சில 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் ஒன்பது கோல கங்சாரில் நட்டவை. மிஞ்சியது இந்த ஒன்று. வேலி போட்டு, பலகை வைத்திருக்கிறார்கள். மாமா கம்பி வழியாகக் கையை விட்டுப் பட்டையைத் தொட முயன்றார், எட்டவில்லை. நாற்பது வருஷம் பால் வெட்டியவர் அவர். "பட்டை தடிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். காய் வெட்டுபவர் காம்பைப் பார்ப்பதுபோல அவர் கண் எப்போதும் மரத்தின் பட்டைக்குத்தான் போகும்.

நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டு நின்றேன். நம் ஊரைச் சுற்றி இருந்த காடு யாரால் அழிந்தது? இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்து, இருபது வருஷத்தில் ரப்பர் விலை ஏறியபோது ஐரோப்பியக் கம்பெனிகள் வெட்டிச் சாய்த்தன. நம் பாட்டன் பாட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து லயத்தில் வைத்து வேலை வாங்கின. அந்த ரப்பர் போய் அவர்கள் ஊரில் டயர் ஆயிற்று, லாபம் லண்டனில் பங்காயிற்று. 2020 என்று கோடு போட்ட கணக்கில் அந்தக் காடு போனதற்கு இடமே இல்லை. அந்தக் கோடு எங்களுக்குச் சாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிலம் அப்போதே தோட்டம். ஆனால் நூறு வருஷத்துக்கு முன் அழித்தவருக்கு ஒரு புள்ளி கூட வைக்க வேண்டியதில்லை, இன்றைக்கு அதில் இரண்டு ஏக்கரை வாங்கிப் பிழைக்கிறவருக்கு ஆறு தசம இலக்கம் என்றால் நெஞ்சில் ஏதோ இடிக்கிறது.

வணிக விதியும் சுற்றுச்சூழலும் மோதுவது நமக்குப் புதிதில்லை. 1996-ல் மலேசியா, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து அமெரிக்கா மேல் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. இறால் வழக்கு. இறால் வலையில் ஆமை மாட்டிச் சாகிறது. ஆமை தப்பிக்க வலையில் கதவு வைக்காத நாட்டின் இறாலை வாங்கமாட்டோம் என்றது அமெரிக்கா. சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் திரங்கானு ரந்தாவ் அபாங் கடற்கரைக்குப் போய், ராத்திரி மணலில் தோணி மாதிரி ஏறி வந்த தோல்முதுகு ஆமையை நான் பார்த்திருக்கிறேன். இன்று அது அங்கே வருவதே அபூர்வம். ஆமைக்காக அமெரிக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. 1998 தீர்ப்பும் அதைத்தான் சொன்னது: ஆமையைக் காக்கச் சட்டம் போடலாம். ஆனால் கரீபியன் பக்கத்து நாடுகளுக்குத் தயாராக மூன்று வருஷமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு, நம் பக்கத்து நாடுகளுக்கு நாலே மாதம் கொடுத்தது பாரபட்சம் என்றது. அமெரிக்கா முறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா திரும்பவும் போய் முறையிட்டு, 2001-ல் தோற்றது.

முதல் தீர்ப்புக்கு இருபத்தாறு வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், மலேசியா ஐரோப்பா மேல் போட்ட பாமாயில் டீசல் வழக்கிலும் ஏறத்தாழ அதே தீர்ப்பு. பாமாயிலில் செய்த டீசலைப் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்து 2030-க்குள் எடுத்துவிடுவது என்று ஐரோப்பா 2019-ல் முடிவு செய்தது. நிலம் மாறுவதைக் காரணமாக வைத்து அப்படிச் செய்யலாம் என்றது உலக வணிக அமைப்பின் விசாரணைக் குழு. ஆனால் அதற்கு வைத்துக்கொண்ட தரவுகளைக் காலத்தில் மறு ஆய்வு செய்யவில்லை, ஆபத்துக் குறைவான பாமாயில் என்று நிரூபிக்க வைத்த வழியே ஓட்டை என்று குறையும் சொன்னது. நம் நாட்டுப் பத்திரிகைகள் வெற்றி என்றன, அவர்கள் பத்திரிகைகளும் வெற்றி என்றன. நான் அதில் படித்துக்கொண்டது ஒன்றுதான்: நோக்கம் சரியாக இருந்தாலும், எல்லாருக்கும் ஒரே மாதிரி அவகாசமும் உதவியும் தராவிட்டால் அது பாரபட்சம். 1998-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

எங்களுக்காவது கேட்க ஆள் இருக்கிறது. மலேசியா சின்ன நாடு இல்லை. வழக்காட வக்கீல் வைக்கும், அமைச்சர் பிரசல்ஸுக்குப் போவார். வனுவாட்டுவை நினைத்துப் பாருங்கள். பசிபிக் கடலில் மூன்று லட்சத்துச் சொச்சம் பேர். கொப்பரையும் கொக்கோவும் காவா வேரும் விற்றுப் பிழைக்கிற தீவுகள். 2015 மார்ச்சில் 'பாம்' என்று பெயர் வைத்த புயல் அடித்தது. ஒரு வருஷம் முழுக்க அந்த நாடு சம்பாதிப்பதில் பாதிக்கும் மேல் அந்தப் புயலில் போனது. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து அதை 2017-ல் எடுப்பதாக இருந்தார்கள். புயலால் தள்ளிவைத்து 2020 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இருந்தால்தான் வரிச் சலுகை. வருமானம் கொஞ்சம் உயர்ந்ததால் தேர்ந்துவிட்டாய் என்று சொல்லும் கணக்கு, அடுத்த புயலில் அந்த வருமானம் ஒரே ராத்திரியில் போகும் என்பதைத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தீவுகள் புகைவிட்ட பங்கு உலகக் கணக்கில் தேடினாலும் அகப்படாது.

அந்தப் பக்கத்துச் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர்தான் 2019-ல் ஒரு யோசனையைத் தொடங்கினார்கள்: பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று உலக நீதிமன்றத்தையே கேட்போம். வனுவாட்டு அரசு அதைத் தூக்கிக்கொண்டு ஐ.நா.வுக்குப் போனது. 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் பொறுப்பேற்க வேண்டும். அன்று ராத்திரி இதைப் படித்துவிட்டு மகளைத் தட்டி எழுப்பிச் சொன்னேன்.

இன்னொரு பக்கம் மொசாம்பிக். ஐரோப்பா 2026 ஜனவரி முதல் சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம் போன்றவற்றுக்கு எல்லையில் கரிம விலை வாங்குகிறது. மொசாம்பிக்கின் அலுமினியம் பெரிய அளவில் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, விலக்கு கிடையாது. வசூலாகும் பணம் அந்த நாடுகளுக்கே திரும்பிப் போய், சுத்தமான உலை கட்ட உதவும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. 1992-ல் ரியோவில் கையெழுத்துக்கு வைத்த பருவநிலை ஒப்பந்தத்தின் 3-ஆவது பிரிவில், பருவநிலைக்கான நடவடிக்கை வணிகத்துக்கு மறைமுகத் தடையாகிவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதே ரியோ மாநாட்டில் மலேசியா தன் நிலத்தில் பாதியையாவது காடாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஏனென்றால் நம் பக்கத்திலும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஐரோப்பா காட்டைப் பற்றிப் பேசினால் உடனே சிறு தோட்டக்காரர் பாவம் என்று எங்களை முன்னால் நிறுத்துகிறார்கள். எங்கள் படம் பெரிய கம்பெனிகளின் விளம்பரங்களில் வருகிறது. மாமாவின் கஷ்டம் உண்மை. அதைக் காட்டி, புதிதாகக் காடு வெட்டுகிறவரைக் காப்பாற்றாதீர்கள். மாமா ஒரு மரமும் வெட்டவில்லை. அவருக்கு வேண்டியது கிராண்டு பெயர் மாற்றத்துக்கு உதவி, ஒரு புள்ளி எடுக்க ஒரு ஆள், டன்னுக்கு அந்த 20 வெள்ளி.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவர் 1989-ல், 55 வயதில், சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்து இந்த மூன்றரை ஏக்கரை வாங்கினார். அப்போது இது பால் மரம். தோட்டத்தில் பெரட்டுக்கு (விடிகாலை ஆள்கணக்குக்கு) நின்ற மனிதர், தன் நிரையில் தானே வெட்டப் போன முதல் நாள் அம்மா சாமி விளக்கு ஏற்றினார். கடைகளில் கடன் எழுதும் 555 சின்னப் புத்தகம் தெரியும்தானே? அதில் தினமும் எழுதுவார். வெட்டிய நாளுக்குக் கிலோ. மழை நாளுக்கு ஒரு வட்டம் போட்டு உள்ளே "ம". மழை பெய்தால் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வழிந்துவிடும், அன்று வருமானம் இல்லை. 2003-ல் செம்பனைக்கு மாறிய பிறகும் எழுதினார்: வெட்டிய தேதி, குலை எண்ணிக்கை, உதிரிப் பழம் எத்தனை சாக்கு, தராசு எடை.

கடைசிப் புத்தகம் 2016. அதில் எடை திடீரென்று இறங்குகிறது. 2,100, 1,900, பிறகு 1,300. ஓரத்தில் "உரம் சரியில்லையா?" என்று எழுதியிருக்கிறார். உரத்தில் குறை இல்லை. வறட்சி வந்தால் செம்பனை ஆண் பூவை அதிகம் விடும். குலை குறைவது மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். 2015, 2016-ல் எல் நினோ. நாடு முழுக்கவே 2015-ல் ஏறத்தாழ 2 கோடி டன்னாக இருந்த பாமாயில் அடுத்த வருஷம் 1 கோடியே 73 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அந்தப் பெரிய கணக்கில் அப்பாவின் 800 கிலோவும் ஒரு பகுதி. அவருக்கு அது தெரியாது. தன் கைதான் தவறியது என்று நினைத்துக்கொண்டே அந்த வருஷக் கடைசியில் போய்விட்டார்.

அண்ணன் மகன் 2020-ஆம் வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தை எடுத்துக் காட்டினான். எங்கள் நிலம் பச்சைப் பச்சையாக, நட்சத்திரம் நட்சத்திரமாக. சட்டத்துக்கு அது போதும். நான் 555 புத்தகங்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கிராண்டு நகலோடு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் அதையும் காட்டுவேன்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது மறுநடவு. மரங்களுக்கு 22 வயது தாண்டிவிட்டது. இனி அரிவாள் எட்டாது. வெட்ட வருகிற பையனும் உயரத்துக்குக் கூலி கூடக் கேட்கிறான். சாய்த்துவிட்டுக் கன்று வைத்தால் மூன்று வருஷம் வருமானம் இல்லை, அப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல் அதே மரம்தான். 2045-ல் எந்த நாடு என்ன தாள் கேட்கும், மழை எந்த மாதம் பெய்யும், இதை இன்றைக்கே நான் தீர்மானிக்க வேண்டும். பெரிய தோட்டத்துக்கு இது ஒரு பக்க அறிக்கை. எனக்கு வீட்டுச் சாப்பாட்டுச் செலவு. அண்ணன் வேண்டாம், நிலத்தை விற்றுவிடலாம் என்கிறான். நான் வைக்கத்தான் போகிறேன்.

1960-ல், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்று நம் ஆட்களை வெளியே தள்ளியபோது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து ஜனம் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கினார்கள். எங்கள் பாட்டியும் கட்டியிருக்கிறார். இன்றைக்கு நாம் வாங்க வேண்டியது தாள்தான். அதையும் தனித்தனியாக ஓடி வாங்க வேண்டியதில்லை. எம்.எஸ்.பி.ஓ சான்றைக் குழுவாக எடுக்க வழி இருக்கிறது. சிறு தோட்டக்காரருக்கான தணிக்கைச் செலவை அரசே ஏற்கிறது. மாமாவும் நானும் இன்னும் ஏழு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம்.

வருகிற ஞாயிறு மாமாவின் நிலத்துக்குப் புள்ளி எடுக்கிறோம். ஒரே புள்ளி போதும் என்றதும் எங்கே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். மட்டை மறைக்காத இடமாக, கிணற்றடியில் தன் மனைவி நட்ட பலா மரத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளி இருக்கிறது, அங்கே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அங்கே வானம் நன்றாகத் தெரியும், புள்ளி ஓடாது.

சுற்று வட்டாரத்தில் யாருக்காவது இதே தாள் வந்திருந்தால், கிராண்டு நகலையும் பழம் போட்ட சீட்டையும் எடுத்துக்கொண்டு அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் கோயிலுக்கு எதிர்க் கடைக்கு வாருங்கள். அண்ணன் மகன் மதியம்வரை இருப்பான். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம், அப்படித்தான் பாதிப் பேருக்கு இருக்கிறது. கைப்பேசிக்கு மின்னூட்டம் முழுதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், கொசு மருந்தும் கொஞ்சம் இருக்கட்டும்.